வருமானம் சுருங்கும் காலத்தில் அக்கம்பக்கம் நெருங்குமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. கடுமையான பொருளாதார மந்தநிலையில் சமூகத்துக்கு ஏதாவது நன்மை விளையுமா? விளைந்தால் அதைக் கைவிடாமல் காப்பது எப்படி? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில் தேவைப்படும் இடங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: வேலை போய், கடன் கட்ட முடியாமல் திண்டாடுகிறவர்களிடம் "இதிலும் நன்மை இருக்கிறது" என்று சொல்வது கல்நெஞ்சத்தனம் இல்லையா? அப்படிச் சொல்ல ஆதாரம்தான் என்ன?

அவர்களிடம் போய்ச் சொன்னால் கல்நெஞ்சத்தனம்தான். சொல்ல வேண்டியதும் அவர்களிடம் இல்லை. இன்னும் வருமானம் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குத்தான் இந்தப் பேச்சு உதவும்.

ஆதாரம் இருக்கிறது, ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் பெருமந்தத்தின் மிக மோசமான ஆண்டுகளான 1930 முதல் 1933 வரை, பொதுவான இறப்பு விகிதம் கூடவில்லை, குறைந்தது. சராசரி ஆயுள் சில ஆண்டுகள் உயர்ந்தது. அதே காலத்தில் தற்கொலைகள் கூடின. பிந்தைய மந்தநிலையிலும் இதன் ஒரு பகுதி தெரிந்தது. 2007இல் அமெரிக்காவில் சாலை விபத்துகளில் 41,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2009இல் அந்த எண்ணிக்கை 34,000க்குக் கீழே வந்துவிட்டது. லாரி ஓட்டம் குறைகிறது, ஆலைகளில் ஓவர்டைம் குறைகிறது, புகை குறைகிறது. இவை யாரும் முயலாமலே நடப்பவை.

ஆனால் இது ஊர் முழுவதற்குமான சராசரி. வேலையை இழந்த தனிமனிதரை மட்டும் பார்த்தால் கதை தலைகீழ். பென்சில்வேனியாவில் 1980களில் ஆட்குறைப்புக்கு ஆளான நீண்டகால ஊழியர்களை ஆராய்ந்தபோது, வேலை போனதை அடுத்த காலத்தில் அவர்களின் இறப்பு அபாயம் கடுமையாக உயர்ந்திருந்தது தெரிந்தது. ஆகவே "மந்தநிலை உடம்புக்கு நல்லது" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். நன்மை பரவலாகச் சிதறி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அடியோ சில குடும்பங்கள் மேல் குவிந்து விழுகிறது. அந்தக் குவிதலைக் கலைத்துப் பரப்புவதற்கான வழிகளைத்தான் கீழே உள்ள பதில்களில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பலருக்கு வேலை இல்லை. நேரம் ஏராளம். ஆனாலும் கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லை. முன்பு வந்தவர்கள்கூட வருவதில்லை. ஏன்?

1931இன் கடைசியில் வியன்னாவுக்கு அருகே மாரியந்தால் என்ற சிற்றூரில் இதே கேள்வியோடு ஆய்வாளர்கள் போய் இறங்கினார்கள். ஊருக்கே சோறு போட்ட நூற்பாலை மூடிக் கிடந்தது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அங்கே கண்டது எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. நேரம் கூடியதும் மக்கள் அதிகம் படிக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மன்றங்களில் உறுப்பினர்கள் குறைந்தார்கள். தெருவில் ஆண்களின் நடை வேகம்கூடத் தளர்ந்திருந்ததைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். பெண்களுக்கு வீட்டுவேலை நாளைப் பிரித்துக் கொடுத்ததால் அவர்களின் பொழுது அந்த அளவுக்குக் கரைந்துபோகவில்லை.

ஆக, வெறும் நேரம் யாரையும் ஒன்றுசேர்க்காது. எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன வேலை என்ற சட்டகம் போனதுதான் உங்கள் பகுதியிலும் நடந்திருக்கிறது. அந்தச் சட்டகத்தைத் திரும்பக் கொடுங்கள்.

"எல்லோரும் வாருங்கள், பேசலாம்" என்ற அழைப்பை முதலில் விட்டுவிடுங்கள். வேலை போனவர் பயப்படும் கேள்வி "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான். பேசுவதற்கான கூட்டத்தில் அது கட்டாயம் வரும். அதற்குப் பதிலாக ஒரு காரியத்துக்குக் கூப்பிடுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது, பழைய மிதிவண்டிகளைச் சரிசெய்வது, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, இப்படி ஏதாவது ஒன்று. ஒருவரிடம் போய், "சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஸ்பேனர் பிடிக்க ஆள் வேண்டும், நீங்கள் வருவீர்களா?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 5 முதல் 8 பேர் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அதே கிழமை, அதே நேரம், அதே இடம். குறைந்தது 6 வாரம் மாற்றாமல் நடத்துங்கள். இருவர் மட்டும் வந்தாலும் நடத்துங்கள். ஒரு வாரம் ரத்து செய்தால் வழக்கம் உடைந்துவிடும்.

பணம் வசூலிக்காதீர்கள், சிறு தொகை என்றாலும் கூடாது. மன்றத்தை விட்டு விலகுகிறவர் பெரும்பாலும் சந்தா கட்ட முடியாத வெட்கத்தால்தான் விலகுகிறார். "வேலையில்லாதோர் குழு" என்று பெயர் வைப்பதும் தவறு. வேலை இருப்பவரும் இல்லாதவரும் கலந்திருந்தால்தான் வேலை காலியிடச் செய்தி ஒருவர் மூலம் மற்றவருக்குப் போகும். இது சின்ன விஷயமில்லை. வேலை கிடைப்பதில் பாதி காரியம் அறிமுகத்தில் நடக்கிறது.

கேள்வி: பணமில்லாமல் உழைப்பையே மாற்றிக்கொள்ளும் 'நேர வங்கி' பற்றிப் படித்தோம். எப்படி ஆரம்பிப்பது? எங்கே சறுக்கும்?

ஜப்பானின் ஒசாகாவில் தெருகோ மிஸுஷிமா 1973இல் தொடங்கியது இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. அமெரிக்காவில் எட்கர் கான் 1980களில் இதைப் பரப்பினார். விதி ஒன்றே ஒன்று: யாருடைய ஒரு மணி நேரமும் ஒரு மணி நேரம்தான். கணக்காளர் ஒரு மணி நேரம் வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தாலும், பக்கத்து வீட்டு அம்மா ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டாலும் வரவு 1.

20 முதல் 30 பேரோடு தொடங்குங்கள். 15க்குக் கீழே போனால் கேட்பதும் கொடுப்பதும் பொருந்தாது. 60ஐத் தாண்டினால் ஒரே ஒருங்கிணைப்பாளரால் சமாளிக்க முடியாது. ஒவ்வொருவரும் தம்மால் கொடுக்க முடிந்தவை மூன்றும், தமக்குத் தேவையானவை மூன்றும் எழுதித் தர வேண்டும். தேவையை எழுதாமல் திறமையை மட்டும் எழுதிக் கொடுப்பவர்களைத் திருப்பி அனுப்பி எழுதவையுங்கள். எல்லோருக்கும் கொடுக்கப் பிடிக்கிறது, கேட்கக் கூச்சம். நேர வங்கிகள் பெரும்பாலும் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். கேட்க ஆளில்லாமல் வரவு மட்டும் குவியும், பிறகு யாரும் அசையமாட்டார்கள். எனவே முதல் மாதம் ஒருங்கிணைப்பாளரே வாரத்துக்கு 4, 5 பரிமாற்றங்களைப் போன் போட்டு முடித்துவைக்க வேண்டும். முதல் கோரிக்கையை, குழுவில் மதிப்புள்ள ஒருவர் வைத்தால் மற்றவர்களின் கூச்சம் விலகும்.

கணக்குக்கு ஒரு நோட்டு போதும். தேதி, கொடுத்தவர், பெற்றவர், வேலை, நேரம், இருவர் கையெழுத்து. கால் மணி நேரத்துக்குக் கீழே எழுத வேண்டாம். பயண நேரம் சேருமா சேராதா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். மிகுதியான சண்டை அதில்தான் வரும். எல்லோரும் 0இலிருந்து தொடங்கலாம். கடன் பக்கம் 10 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, வரவு பக்கம் 30ஐத் தாண்டினால் செலவழிக்கவோ பொதுக் கணக்குக்குக் கொடுக்கவோ சொல்லுங்கள். நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அந்தப் பொதுக் கணக்கிலிருந்து நேரம் கொடுக்கலாம். யாராவது கடனோடு ஊரை விட்டுப் போனாலும் அதிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். குழாய் வேலை, மின்வேலை தெரிந்தவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் இரண்டே மாதத்தில் களைத்து விலகிவிடுவார். அவருக்கு மாதத்துக்கு இத்தனை மணி என்று உச்சவரம்பு வையுங்கள், கூடவே ஓர் உதவியாளரைச் சேர்த்துத் தொழில் பழக விடுங்கள். மின்இணைப்பு, எரிவாயு இணைப்பு போன்றவற்றை உரிமம் உள்ளவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. குழந்தை, முதியோர் பராமரிப்புக்குப் போகிறவரைக் குழுவில் இருவராவது நேரடியாக அறிந்திருக்க வேண்டும். முதல் தடவை வீட்டுக்காரர் உடனிருக்க வேண்டும். இதில் முகதாட்சண்யம் பார்க்கவே கூடாது.

கேள்வி: அப்படியானால் எங்கள் பகுதிக்கென்று சொந்தமாக நாணயத் தாளே அச்சிட்டுவிட்டால் என்ன?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஆஸ்திரியாவின் வோர்கல் நகரத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். மேயர் மைக்கேல் உன்டர்குக்கன்பெர்கர் 1932 ஜூலையில் நகராட்சித் தாள்களை வெளியிட்டார். மாதாமாதம் தாளின் மதிப்பில் 1 சதவீதத்துக்கு ஒட்டுவில்லை (ஸ்டாம்ப்) வாங்கி ஒட்டினால்தான் தாள் செல்லும். அதனால் யாரும் பதுக்காமல் கைமாற்றினார்கள். சாலை வேலைகள் நடந்தன, வேலையின்மை குறைந்தது. 1933 செப்டம்பரில் மத்திய வங்கியின் எதிர்ப்பால் திட்டம் நின்றது. பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்தத் தாளுக்கு ஈடாக உண்மையான பணம் வைப்பில் இருந்தது, நகராட்சி வரியையும் அந்தத் தாளால் கட்ட முடிந்தது. குடியிருப்போர் சங்கம் அச்சிடும் தாளுக்கு இந்த இரண்டு பலமும் இருக்காது.

அர்ஜென்டினாவில் நடந்தது இதன் மறுபக்கம். 1995இல் பெர்னால் என்ற ஊரில் சிறு குழுவாகத் தொடங்கிய பண்டமாற்று மன்றங்கள், 2001 – 2002 நெருக்கடியில் நாடெங்கும் பெருகி லட்சக்கணக்கானோரின் பிழைப்பாக ஆயின. பிறகு வந்த வேகத்திலேயே சரிந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தாள் கொடுத்துக்கொண்டே போனார்கள், அதற்கேற்ற பொருள் சந்தைக்கு வரவில்லை. போதாக்குறைக்குக் கள்ளத் தாள்கள். அடிப்படை உணவுப் பொருட்கள் முதலில் மறைந்தன, பழைய துணியும் அலங்காரப் பொருளும் மிஞ்சின.

தாள் இல்லாமல் பேரேட்டில் வரவுசெலவு எழுதும் முறை இதைவிட உறுதியானது. சுவிட்சர்லாந்தில் 1934இல் சிறுவணிகர்கள் சேர்ந்து ஏற்படுத்திய விர் அமைப்பு, தங்களுக்குள் கடன்வரவு எழுதிக்கொண்டு இன்றும் இயங்குகிறது. நீங்கள் 10, 15 கடைக்காரர்கள் என்றால் அந்த வழியைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் கடன் எல்லை, மாதம் ஒருமுறை நிலுவை வெளியீடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேர்செய்தல். வரிச் சட்டம் இதற்கும் பொருந்தும் என்பதால் முன்கூட்டியே கணக்காளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்டால் எல்லோரும் கைவிரிக்கிறார்கள். சேமிப்புக் குழு ஒன்றை நாங்களே நடத்த முடியுமா?

முடியும். ஆனால் மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுக்கும் சீட்டு முறையை இந்தக் காலத்தில் தவிர்ப்பது நல்லது. முதலில் எடுத்தவருக்கு நடுவே வேலை போனால், கடைசியில் இருப்பவர்கள் மூழ்கிவிடுவார்கள்.

நைஜர் நாட்டில் 1991இல் கேர் என்ற தொண்டு அமைப்பு கிராமப் பெண்களோடு தொடங்கிய பெட்டி முறை இதைவிடப் பாதுகாப்பானது. 15 முதல் 25 பேர். மூன்று பூட்டுள்ள ஒரு பெட்டி. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவரிடம். எல்லோரும் கூடினால் தவிரப் பெட்டி திறக்காது. ஒரு கூட்டத்துக்கு ஒருவர் 1 முதல் 5 பங்குகள் வரை வாங்கலாம். கையில் காசில்லாத வாரம் ஒரே ஒரு பங்கு போட்டாலும் போதும், அதனால் யாரும் விலக வேண்டியதில்லை. கடன், சொந்தச் சேமிப்பைப் போல 3 மடங்குக்கு மேல் கிடையாது. தவணை 3 மாதம். நோய், சாவு போன்றவற்றுக்குத் தனியாக ஓர் அவசர நிதி, அதற்கு வட்டி இல்லை. 9 முதல் 12 மாதத்துக்குள் எல்லாக் கடனையும் திரும்ப வாங்கி, பெட்டியில் இருப்பதை மொத்தப் பங்குகளால் வகுத்தால் ஒரு பங்கின் மதிப்பு வரும். பிரித்துக் கொடுத்துவிட்டு மறுபடி 0இலிருந்து தொடங்குங்கள். இந்தக் கடைசிப் படியைத் தள்ளிப்போட்டால் கணக்கு மங்கும், சந்தேகம் வளரும். பங்கின் விலையைக் குழுவில் மிக ஏழையானவர் நிர்ணயிக்கட்டும். எல்லாப் பங்கையும் முதல் நாளிலேயே கடனாகக் கொடுத்துவிடாதீர்கள். மந்தநிலையில் ஒரே மாதத்தில் நான்கு பேருக்கு வேலை போகக்கூடும்.

கேள்வி: பத்துப் பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஆர்டர் 20 சதவீதம் குறைந்துவிட்டது. இருவரை அனுப்பாமல் இருக்க வழி உண்டா?

எல்லோரும் வாரத்தில் ஐந்துக்குப் பதில் நான்கு நாள் வேலை செய்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகும். 1930 டிசம்பரில் அமெரிக்காவின் பேட்டில் கிரீக்கில் இருந்த கெலாக் ஆலை, 8 மணி நேர ஷிப்டு மூன்றை 6 மணி நேர ஷிப்டு நான்காக மாற்றிப் புதிதாக ஆட்களைச் சேர்த்தது. ஜெர்மனியில் நேரக் குறைப்பால் இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, அரசுக் காப்பீடு ஈடுகட்டும் முறை உண்டு. 2009இல் அந்நாட்டின் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தும் வேலையின்மை மிகச் சிறிதளவே கூடியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உங்கள் அரசிடம் அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இல்லையென்றால், நேரத்தை 20 சதவீதம் குறைத்தாலும் செலவு அவ்வளவு குறையாது. வாடகையும் காப்பீடும் அப்படியே நிற்கும். அந்த இடைவெளியை உரிமையாளர் எடுக்கும் தொகையிலிருந்து முதலில் கழியுங்கள். குறைந்த சம்பளக்காரருக்குக் குறைப்பு சிறியதாக இருக்கட்டும். 3 மாதம் என்று எழுத்தில் கெடு போட்டு, மாதாமாதம் ஆர்டர் கணக்கை எல்லோரிடமும் காட்டுங்கள். கெடு இல்லாத குறைப்பில் திறமையானவர்கள் முதலில் வெளியேறுவார்கள். ஐந்தாம் நாளில் யாரையும் "சும்மா கொஞ்ச நேரம்" என்று கூப்பிடக்கூடாது.

கேள்வி: மூடப்போகும் ஆலையைத் தொழிலாளர்களே எடுத்து நடத்துவது நடைமுறையில் சாத்தியமா?

சில இடங்களில் நடந்திருக்கிறது. அர்ஜென்டினாவில் நெவ்கெனில் இருந்த ஸனோன் பீங்கான் ஓட்டு ஆலை, புவெனஸ் அயர்ஸின் புரூக்மன் ஆடை ஆலை இரண்டையும் 2001இல் தொழிலாளர்கள் கையில் எடுத்தார்கள். இத்தாலியில் 1985இல் வந்த மார்கோரா சட்டம் இத்தகைய தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு நிதி வழி திறந்தது.

சிக்கல் எந்திரத்தில் இருப்பது அரிது. விற்பனைக்காரரும் கணக்காளரும் முதலில் போய்விடுவார்கள், அவர்களோடு வாடிக்கையாளர் பட்டியலும் விலைக் கணக்கும் போய்விடும். மூடும் பேச்சு எழுந்த அன்றே அவர்களில் ஒருவரையாவது உங்களோடு நிற்கச் சம்மதிக்க வையுங்கள். அடுத்தது நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் ஆலையை ஓட்டத் தேவையான பணம். கச்சாப்பொருள் வாங்கக் காசு இல்லாத அர்ஜென்டினா ஆலைகள் பல, வாடிக்கையாளரே பொருளைக் கொண்டுவர, கூலிக்குச் செய்து கொடுத்துத் தொடங்கின. லாபம் குறைவு, ஆனால் சக்கரம் சுற்றும். பொருளே காலாவதியாகி வாங்க ஆளில்லாமல் மூடிய ஆலை என்றால் எடுக்காதீர்கள். நிர்வாகம் வாங்கிய கடனால் மூடியது என்றால் முயலலாம்.

கேள்வி: பொதுச் சமையலறை தொடங்கினோம். மிகத் தேவைப்படுகிறவர்கள்தான் வரத் தயங்குகிறார்கள்.

எல்லோரையும் ஏதாவது கொண்டுவரச் சொல்லுங்கள். பொருள் இல்லையென்றால் அரை மணி நேர உழைப்பு. காய் நறுக்கியவர் சாப்பிட உட்காரும்போது தலை குனியமாட்டார். சமைத்தவர்களும் அதே வரிசையில் அதே உணவைச் சாப்பிட வேண்டும். படம் எடுக்கக்கூடாது, நன்கொடையாளர் கேட்டாலும் கூடாது. பாத்திரத்தில் வீட்டுக்கு எடுத்துப்போகவும் அனுமதியுங்கள்.

அளவுக்கு, ஆளுக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 40 கிராம், காய் 150 கிராம் என்று வைத்தால் 50 பேருக்கு முறையே 5 கிலோ, 2 கிலோ, ஏழரை கிலோ. சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாக வையுங்கள். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைக் கொட்டிவிடுங்கள், எவ்வளவு மனம் வராவிட்டாலும். ஒரு வயிற்றுப்போக்குச் செய்தி போதும், சமையலறை மூடிவிடும்.

கேள்வி: பொருளாதாரம் மீண்டதும் இதெல்லாம் கலைந்துவிடும் அல்லவா? அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?

பெரும்பாலும் கலையும். 1930களில் அமெரிக்காவில் வேலையற்றோர் நடத்திய உழைப்புப் பரிமாற்றச் சங்கங்கள், அரசுப் பொதுப்பணிகளில் கூலி கிடைக்கத் தொடங்கியதும் ஆட்களை இழந்தன. அதைத் தோல்வி என்று நாங்கள் எண்ணவில்லை. அந்த நாட்களில் அவை பசியாற்றின. 1935இல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால், வறுமை சோம்பேறித்தனத்தால் வருவதில்லை என்பதை ஒரு தலைமுறை முழுதும் நேரில் பார்த்திருந்ததும் ஒரு காரணம். நிலைத்தவையும் உண்டு. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் கடும் வறுமையின் நடுவே 28 பேர் திறந்த கடையிலிருந்து கூட்டுறவு இயக்கம் உலகம் முழுதும் பரவியது. அங்கே விதிகள் எழுத்தில் இருந்தன, ரொக்கத்துக்கே விற்பனை, வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு, ஆளுக்கு ஒரு வாக்கு.

கலைக்க நேர்ந்தால் ஒழுங்காகக் கலையுங்கள். நேர வங்கியில் நிலுவையாக உள்ள மணி நேரங்களை 3 மாதக் கெடுவுக்குள் செலவழிக்கச் சொல்லுங்கள், மீதியைப் பொதுக் கணக்கில் எழுதி மூடுங்கள். சேமிப்பைப் பிரித்துக் கையெழுத்து வாங்குங்கள். பெரிய பாத்திரங்களும் கருவிகளும் யார் வீட்டில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு என்ன வேலை தெரியும் என்ற பட்டியலை இருவரிடம் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை போன் எண்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆலை மூடினால், ஆளைத் தேடுவதில் வாரங்கள் வீணாகாமல் மறுநாளே சமையலறையைத் திறந்துவிடலாம்.